ராத்திரி எட்டரை ஆனால் நெட் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஒரு அபார்ட்மென்டில் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கிறோம். மூன்று பேருக்குக் கோயம்புத்தூரில் வேலை, ஒருவன் கல்யாண வீடியோ எடுப்பவன். 100 எம்பிபிஎஸ் ஃபைபர் கனெக்‌ஷன். பகலில் நன்றாக ஓடுகிறது, ராத்திரி எட்டரை ஆனால் எல்லாம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டால் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்கிறார்கள். "நீதான் படம் இறக்குறே" என்று எங்களுக்குள் தினமும் சண்டை. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: சண்டையை முதலில் நிறுத்துங்கள், படம் பார்ப்பவர் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. நெட் படுத்துக் கிடக்கும் அந்த எட்டரை மணிக்கே ஒரு லேப்டாப்பை லேன் வயரில் ரவுட்டரோடு நேராகச் சொருகி, லேப்டாப்பின் வைஃபையை மட்டும் அணைத்துவிட்டு, ரவுட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1, பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்) ஒரு பிங் (பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்க்கும் சோதனை), வெளியே ஏதாவது ஒரு தளத்துக்கு ஒரு பிங் போட்டுப் பாருங்கள். வயரில் எல்லாம் ஜோராக ஓடினால் கோளாறு வைஃபையில். ரவுட்டர் பீரோவுக்குப் பின்னால் இருந்தால் வெளியே எடுங்கள், ரவுட்டர் செட்டிங்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக மாற்றுங்கள், பக்கத்தில் உட்காருபவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போகட்டும். அவ்வளவுதான்.

ஆனால் ரவுட்டர் ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் பதில் சொல்லி, வெளியே போவது மட்டும் 300, 400 என்று ஏறினால், அப்லோடைப் பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இதுதான் என்று எனக்குப் படுகிறது. வேலந்தாவளம் தாண்டி மூன்று பேரும் வீடு வந்து சேர்கிற நேரம், போன்கள் வைஃபையைத் தொட்டதும் அன்றைய போட்டோக்களை மேலே ஏற்ற ஆரம்பிக்கும், அதே நேரத்தில் வீடியோ எடுப்பவர் தன் ஃபைலை அனுப்பத் தொடங்கினால் கேட்கவே வேண்டாம். உங்கள் பேக்கேஜில் அப்லோடு எவ்வளவு என்று பாருங்கள். அது 20 எம்பிபிஎஸ் என்றால் 50 ஜிபி அனுப்ப ஐந்தரை மணி நேரம் ஆகும். அதுவரை ரவுட்டருக்குள் வரிசை கட்டி நிற்கும், முன்பெல்லாம் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற மாதிரி. படம் பார்க்கிற போனும் "வந்தது, வந்தது" என்று சின்னச் சின்ன பதில்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்தப் பதில் வரிசையில் மாட்டிக்கொண்டால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும். பழி மட்டும் படம் பார்த்தவர் தலையில்.

ஒரு ராத்திரி நாலு போனிலும் பேக்கப்பை நிறுத்திவைத்து, வீடியோ ஃபைலையும் அனுப்பாமல் இருந்து பாருங்கள். சரியானால் காரணம் அதுதான். ரவுட்டரில் க்யூஓஎஸ் அல்லது பேண்ட்வித் கன்ட்ரோல் (வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி) இருந்தால் மொத்த அப்லோடை உங்கள் வேகத்தில் 85 சதவீதத்துக்கு அடக்கிவையுங்கள். அது இல்லாத ரவுட்டர் என்றால் பெரிய ஃபைலை எல்லாரும் தூங்கிய பிறகு அனுப்பச் சொல்லுங்கள், அது அவர் பிழைப்பு, அனுப்பவே கூடாது என்று சொல்லிவிடாதீர்கள். எல்லாவற்றையும் நிறுத்தியும் வயரிலேயே மெதுவாக இருந்தால், அந்த நேரத்து பிங்கை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அப்புறம் "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று லேசில் சொல்ல முடியாது.

கேள்வி: ஃபைபர் கண்ணாடிதானே, இடிக்கு மோடம் போகுமா? (சித்தூர், பாலக்காடு)

பதில்: போகும். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, ஆனால் அடாப்டர் வழியாகவும் லேன் வயர் வழியாகவும் வரும். துலாவர்ஷம் பெய்கிற ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் வானம் கறுத்ததுமே அடாப்டரையும் லேன் வயரையும் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. இடி பக்கத்தில் விழ ஆரம்பித்த பிறகு என்றால் பிளக்கிலும் வயரிலும் கை வைக்கவே வேண்டாம், மோடம் போனால் போகட்டும்.