வைகைத் தண்ணீர் வருவதற்குள் ஒரு நோட்டு

கேள்வி: எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை கிராமத்துக்குப் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை பிடித்தால் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடுகிறது. போன முறை வெளியூர்த் தொண்டு நிறுவனங்கள் வண்டி வண்டியாகப் பழைய துணியை இறக்கிவிட்டுப் போயின. இந்த முறை எங்கள் இளைஞர் மன்றமே முறையாகச் செய்யலாம் என்றிருக்கிறோம். மன்றத்தைப் பதிவு செய்தாக வேண்டுமா? துபாயில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பலாமா?

பதில்: பதிவை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு 80 பக்க நோட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் எழுதுங்கள். எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் யார், ஆடு மாடு எத்தனை. ரேஷன் கார்டை மட்டும் வைத்துப் பட்டியல் எடுத்தால் சிலர் விடுபட்டுப் போவார்கள். உப்பளத்துக்குக் கூலிக்கு வந்தவர்கள், கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுபவர்கள், ஆட்டுக்கிடையோடு வந்து தங்கியிருப்பவர்கள். வெள்ளத்தில் அதிகம் இழப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இந்த நோட்டு கையில் இருந்தால் வெளியூர் நிறுவனத்திடம் "துணி வேண்டாம், 60 பாயும் 40 தார்ப்பாயும் போதும்" என்று தயங்காமல் சொல்லலாம். சொல்லாவிட்டால் அவர்கள் கையில் இருப்பதைத்தான் அனுப்புவார்கள். நனைந்த துணிக் குவியலைக் கடைசியில் அள்ளுவது ஊராட்சித் தூய்மைப் பணியாளர்கள்தான், பாவம்.

அவகாசம் எவ்வளவு கிடைக்கும் என்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. அங்கே திறக்கும் தண்ணீர் மதுரை, மானாமதுரை, பரமக்குடி தாண்டி ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து, மிச்சம்தான் உங்கள் பக்கம் கடலுக்குப் போகிறது. அதனால் மேட்டுப் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் என்று கேட்டு வைக்கவாவது நேரம் கிடைக்கும். உள்ளூர் மழையில் கண்மாய்க் கரை உடைந்தால் அந்த அவகாசமும் கிடையாது. 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணை எல்லார் போனிலும் ஏற்றிவிடுங்கள்.

சரி, பணம். இந்தியக் குடிமகனாக இருப்பவர் துபாயில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (FCRA) அதை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதுவதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவரோ அந்நாட்டு நிறுவனமோ அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை; அதற்கான மத்திய அரசுப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. பதிவுள்ள நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. அந்த நிறுவனமே நேரில் வந்து செலவழிக்கட்டும், நீங்கள் நோட்டைக் காட்டுங்கள்.

சங்கமாகப் பதிவு செய்ய 7 பேர் இருந்தால் போதும். ஆனால் மழை மாதத்தில் அந்த அலைச்சல் வேண்டாம் என்பேன். இந்த வருடம் ஏற்கெனவே பதிவுள்ள, உங்களுக்குப் பழக்கமான ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து செய்யுங்கள். ஒருவருடைய ஜிபே எண்ணில் மட்டும் வசூலிக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஊர் பேசும்.

தண்ணீர் வடிந்ததும் எல்லா அமைப்புகளும் கிளம்பிவிடும். உங்கள் வேலை அப்போதுதான் தொடங்கும். இடிந்த சுவரைச் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுத்து கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டச் சொல்லுங்கள். செத்த ஆட்டைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தராமல் புதைத்துவிட்டால் இழப்பீடு கேட்பது சிரமம். நாலு நாள் தண்ணீர் நின்றால் முண்டு மிளகாய்ச் செடி அழுகிவிடும். அந்த வீட்டுக்கு அரிசிப் பையைவிட மறுநடவுக்கு நாற்றுதான் அவசரம்.

யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று அதே நோட்டில் எழுதி, அந்தப் பக்கங்களை நகலெடுத்து ரேஷன் கடைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மாத்திரை விவரம் உள்ள பக்கங்களை மட்டும் ஒட்ட வேண்டாம்.