பனிக்குடம் உடைந்தும் துடிப்பு நிற்கவில்லை: கலைப்பது சரியா?

கேள்வி: வயது 31. இரண்டாவது கர்ப்பம், 17 வாரம். முதல் பிரசவம் சிசேரியன். ஐந்து நாளுக்கு முன் திடீரென்று பனிக்குடம் உடைந்து நீர் போய்விட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தையின் இதயம் துடிக்கிறது. "காத்திருக்கலாம், கலைக்கவும் செய்யலாம், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார் டாக்டர். துடிக்கிற உயிரை எடுப்பது பாவம் என்கிறார் மாமியார். உடனே முடித்துவிடு என்கிறாள் அக்கா. தினம் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் நீர் ஊறும் என்று இணையத்தில் பார்த்துக் குடித்துவருகிறேன். காய்ச்சல் இல்லை. உடம்பு வலிக்கு மூன்று வேளையும் பாரசிட்டமால் போடுகிறேன். பல்வலிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கையும் போடுகிறேன். பையனைத் தூக்கியதால்தான் உடைந்ததா? கலைத்தால் மார்பகப் புற்றுநோய் வருமாமே? மறுபடி குழந்தை தங்குமா? நான் என்ன செய்யட்டும்?

பதில்: பாரசிட்டமாலை இந்த நிமிடமே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது பாவ புண்ணியக் கேள்வி அல்ல, அந்த மூன்று வேளை மாத்திரைதான். பனிக்குடம் உடைந்தபின் கருப்பைக்குள் கிருமி ஏறினால் அதைக் காட்டிக்கொடுப்பது காய்ச்சல். அதை மருந்து போட்டு அமுக்கி வைத்துவிட்டு "காய்ச்சல் இல்லை" என்று எழுதுகிறீர்கள். அந்த உடம்பு வலியே தொற்றின் ஆரம்பமாக இருக்கலாம். ஆகவே அடுத்த சோதனை நாளுக்குக் காத்திருக்காமல் இன்றே போய்க் காட்டுங்கள். பாரசிட்டமால் போட்டுக்கொண்டிருந்ததைப் போனவுடன் சொல்லுங்கள். மிச்ச ஆன்டிபயாட்டிக்கை அட்டையோடு எடுத்துப் போங்கள். அரைகுறையாகப் போட்ட ஆன்டிபயாட்டிக் தொற்றைக் குணமாக்காது, பரிசோதனையில் கிருமி வளராமல் செய்து டாக்டரைத் திசைதிருப்பும். அந்த மாத்திரை அமாக்ஸிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்ததாக இருந்தால், பனிக்குடம் உடைந்தவர்களுக்கு அதை நாங்கள் தவிர்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு: குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் குடல் அழுகும் அபாயத்தை அது கூட்டுகிறது. பல்வலி மாத்திரையைக் கர்ப்பத்தில் சொந்தமாகப் போட்டுக்கொள்ளும் துணிச்சல் எங்கிருந்துதான் வருகிறதோ!

எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறேன். விழித்திருக்கும்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வையுங்கள். சூடாகவோ குளிராகவோ குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து வையுங்கள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் மணிக்கட்டில் நாடியை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டாம். காய்ச்சலுக்கு முன்பே நாடி ஏறிவிடுவதுண்டு என்பதால் இரண்டையும் நேரத்தோடு தாளில் எழுதுங்கள். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டால் கிளம்ப வேண்டும். ஓய்விலும் நாடி 100-க்குக் கீழே இறங்காவிட்டால் போன் செய்ய வேண்டும், 110-ஐத் தாண்டினால் போன்கூட வேண்டாம், நேரே போங்கள். பற்கள் கிட்டும் அளவு குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். உடம்பு 36 டிகிரிக்குக் கீழே போவதும் நல்ல செய்தியல்ல, கடும் தொற்றில் சிலருக்கு அப்படித்தான் ஆகும். கசியும் நீர் நாறினாலோ, பச்சையாக, சீழாக மாறினாலோ, அடிவயிற்றைத் தொட்டால் வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சில் தடுமாற்றம் வந்தாலோ அதே கதைதான். நாப்கின் மட்டுமே வையுங்கள், உள்ளே வைக்கும் எதுவும் வேண்டாம், உடலுறவும் வேண்டாம். ஆஸ்பத்திரியிலும் தேவையில்லாமல் விரல் விட்டுப் பரிசோதிக்க விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கிருமி மேலே ஏற வழி கிடைக்கிறது.

இவ்வளவு கறாராக ஏன் சொல்கிறேன் என்றால், உங்களைப் போன்ற நிலையில் காத்திருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருப்பைக்குள் தொற்று வருகிறது. அதில் சிலருக்குத்தான் அது ரத்தத்தில் கலந்து செப்சிஸ் ஆகிறது. ஆனால் ஆகிவிட்டால் அது நாள் கணக்கில் அல்ல, மணிக் கணக்கில் முற்றும். அப்போது ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. கிருமி குடியிருக்கும் இடம் கருப்பையின் உள்ளே. நரம்பில் மருந்து ஏற்றியபடியே அதைக் காலி செய்தால்தான் தாய் பிழைப்பாள்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். துடிப்பு இருக்கும்போது சம்மதித்தால் நான் கொலைகாரியா என்பதைத்தானே பல வரிகளில் சுற்றிச் சுற்றிக் கேட்டிருக்கிறீர்கள்?

துடிப்பு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கருப்பைக்குள் குழந்தைக்கு ஆக்ஸிஜன் தருவது நஞ்சுக்கொடி. நுரையீரல் அங்கே வேலை செய்வதே இல்லை, வளர மட்டும் செய்கிறது. அந்த வளர்ச்சிக்குச் சுற்றிலும் நீர் வேண்டும். நுரையீரலுக்குள் ஊறும் திரவத்தை வெளியே வடியவிடாமல் நிறுத்தி, அதை விரித்து வைத்திருப்பது பனிக்குட நீரின் அழுத்தம்தான். 16-லிருந்து 24 வாரம் வரை இது மிக முக்கியமான காலம். அந்தக் காலத்தில் நீர் வற்றியே கிடந்தால் நுரையீரல் சிறுத்துப்போகலாம், கை கால் மூட்டுகள் மடங்கியபடி இறுகலாம். அப்படிப்பட்ட குழந்தைக்கும் உள்ளே இருக்கும்வரை இதயம் நன்றாகத் துடிக்கும். வெளியே வந்து முதல் மூச்சு இழுக்கும்போதுதான் தெரியும். இன்றைய மருத்துவத்தில் 21 வாரம் முடியுமுன் பிறந்த குழந்தை பிழைத்ததில்லை. அதைத் தாண்டிப் பிறந்தாலும் அந்த முதல் சில வாரங்களில் பிழைப்பது அபூர்வம். உங்களுக்கு இன்னும் பல வாரம் கிடக்கிறது. இப்படி உடைந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்கு முதல் வாரத்திலேயே வலி கண்டுவிடுகிறது.

இதை வைத்து உங்கள் மாமியாரை நான் கேலி செய்யமாட்டேன். தொற்று இல்லாத இன்றைய நிலையில் அவர் எழுப்பும் கேள்வி நியாயமான கேள்விதான். வாய்ப்பு மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமல்ல. கலைத்தால் அந்தச் சிறு வாய்ப்பு முடிகிறது. காத்திருந்தால் அதற்காக உங்கள் உடம்பைப் பணயம் வைக்கிறீர்கள். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து, தெரிந்தே காத்திருப்பவரும் உண்டு, தெரிந்தே முடித்துக்கொள்பவரும் உண்டு. இருவர் செய்வதும் மருத்துவம் ஒப்புக்கொள்ளும் வழிதான். எடைபோடும் உரிமை உங்களுக்கு மட்டும். மாமியாருக்கோ அக்காவுக்கோ எனக்கோ இல்லை. வீட்டில் ஒரு நான்கு வயதோ ஐந்து வயதோ உள்ள பிள்ளை அம்மாவைத் தேடும் என்பதும் அந்தத் தராசில் ஏற வேண்டிய எடைதான். அதை நினைத்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

தொற்று வந்துவிட்டால் இந்த விவாதமே முடிந்தது. அப்போது குழந்தையா தாயா என்ற தேர்வு இல்லை. குழந்தை எப்படியும் பிழைக்காது, தாயும் போவாரா என்பது மட்டுமே மிச்சம். கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் மரபுகள்கூட இந்த இடத்தில் வழி விடுகின்றன. தாயின் கடும் நோயைத் தீர்ப்பதே நேரடி நோக்கமாக இருந்து, அதைத் தள்ளிப்போட முடியாதபோது, கரு இறக்க நேர்ந்தாலும் அந்தச் சிகிச்சை செய்யலாம் என்றுதான் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். யூத, இஸ்லாமியச் சட்ட மரபுகளிலும் தாயின் உயிருக்கே முதலிடம்.

எனவே இன்று டாக்டரிடம் கேட்க வேண்டியது "பாவமா?" என்பதல்ல. இதைக் கேளுங்கள்: "நடுராத்திரி எனக்கு 38 டிகிரி வந்தால் யார் முடிவெடுப்பார்கள்? துடிப்பு நிற்கும்வரை காத்திருப்பீர்களா?" கலைப்புச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஒரே ஊரில் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பழக்கமும் வேறு. "ஆமாம், காத்திருப்போம்" என்றோ மழுப்பலாகவோ பதில் வந்தால், உடம்பு நன்றாக இருக்கும் இப்போதே வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். 2012 அக்டோபரில் அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவருக்கும் வயது 31, கர்ப்பம் 17 வாரம், பனிக்குடம் உடைந்திருந்தது. கலைக்கச் சொல்லிக் கேட்டார். துடிப்பு இருக்கிறது என்று மறுக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்ட ஏழாம் நாள் செப்சிஸில் இறந்தார். சட்டத்தைப் பற்றித்தான் உலகம் பேசியது, 2018-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி அந்த நாடு அரசியல் சட்டத்தையே மாற்றியது. விசாரணையோ இன்னொன்றையும் சொன்னது: அவரது உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 13 வாய்ப்புகள் தவறவிடப்பட்டன. நாடி, காய்ச்சல், ரத்த அணு எண்ணிக்கை ஆகியவற்றை நேரத்துக்குப் பார்த்து, பார்த்ததன்மேல் நடவடிக்கை எடுக்காததும் அதில் சேர்த்தி. மேலே நான் சொன்ன தாளும் பேனாவும் வெறும் சடங்கல்ல.

மற்ற கவலைகளை வேகமாகத் தீர்த்துவிடுகிறேன். பையனைத் தூக்கியதால் உடையவில்லை. கீழிருந்து ஏறும் கிருமி, கருப்பை வாய் குட்டையாவது, முன்பே இருந்த ரத்தக் கசிவு, புகைபிடித்தல் ஆகியவை தெரிந்த காரணங்கள். பெரும்பாலும் காரணமே பிடிபடாது. நான்கு லிட்டர் தண்ணீரை விடுங்கள், மதகு திறந்த ஏரி அது, தாகத்துக்குக் குடித்தால் போதும். படுத்தே கிடப்பதும் வேண்டாம். அதனால் பனிக்குடம் ஒட்டாது, காலில் ரத்தம்தான் கட்டும். ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்த பரிசோதனைக்குப் பின் ஏற்படும் கசிவு பலருக்குத் தானே அடைத்துக்கொள்ளும். இணையத்தில் நீங்கள் பார்த்த அதிசயக் கதைகளில் அந்த வகையும் கலந்திருக்கும். உங்களுடையது தானாக உடைந்தது. மார்பகப் புற்றுநோய்ப் பேச்சு பொய். 16 நாடுகளின் 53 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004-இல் பார்த்து, தொடர்பில்லை என்று முடித்தாயிற்று. முறையாகச் செய்த கலைப்பு அடுத்த குழந்தையைத் தடுக்காது. கருக்குழாயை அடைப்பதும், கருப்பையையே எடுக்க வைப்பதும் முற்றவிட்ட தொற்றுதான்.

முடித்துக்கொள்வதென்று நீங்கள் தீர்மானித்தால் ஆஸ்பத்திரியில்தான், கடை மாத்திரை வாங்கி வீட்டில் கூடவே கூடாது. வழக்கமான முறை மிஃபெப்ரிஸ்டோன் 200 மில்லிகிராம், ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 400 மைக்ரோகிராம், மூன்று மணிக்கொருமுறை. தொற்று இருந்தால் அந்த இடைவெளிக்குக் காத்திருக்க மாட்டார்கள். உங்களுக்குச் சிசேரியன் தழும்பு இருக்கிறது. வலி வரும்போது அது கிழியும் அபாயம் சிறிதுதான், ஆனால் கிழிந்தால் அறுவை அரங்கம் பக்கத்தில் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, தழும்பின் மேலா என்று முன்பே ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வாரங்களில் நஞ்சுக்கொடி பாதி உள்ளே தங்கிவிடுவது சகஜம், அப்போது மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிவரும். அனுபவமுள்ள டாக்டர் இருந்தால் மாத்திரை இல்லாமல் கருவி வைத்தும் எடுப்பார்கள், நேரம் குறையும். உங்கள் ரத்தம் ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட வேண்டும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: இரண்டு மூன்று நாளில் பால் கட்டும். அதைப் பார்த்து உடைந்துபோகாத பெண் குறைவு. கேபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே ஒரு தடவை, முதல் நாளே கொடுத்தால் பால் சுரக்காமல் தடுக்கலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குத் தரக்கூடாது, ஆகவே கேட்டு வாங்குங்கள்.

காத்திருக்கத் தீர்மானித்தாலும் உங்கள் டாக்டரோடு சேர்ந்துதான். வாரம் ஒருமுறை நேரில் காட்டி ரத்த அணுச் சோதனை, ஒன்றிரண்டு வாரத்துக்கொருமுறை நீர் அளவு ஸ்கேன். குழந்தை பிழைக்கக்கூடிய கட்டம் நெருங்கும்போது மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியும் சரியான ஆன்டிபயாட்டிக்கும் கொடுப்பார்கள். நடுவில் எந்த நாளும் மனம் மாறலாம். காத்திருக்கிறேன் என்று ஒருமுறை சொன்னது கையெழுத்திட்ட ஒப்பந்தமல்ல.

எந்த வழியானாலும், கர்ப்பம் முடிந்து மூன்று வாரத்துக்குள்ளேயே கருமுட்டை வெளிவரலாம் என்பதால் கருத்தடை பற்றி வீட்டுக்கு அனுப்பும்முன் கேளுங்கள். அடுத்த கர்ப்பத்தில் இந்த விவரத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லி, 16-ஆவது வாரத்திலிருந்து கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளக்கச் சொல்லுங்கள்.