குழு கலைந்துபோன வருடத்தில் குவில்ட்டை எப்படி முடிப்பது?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள ஹாலில், சனிக்கிழமைதோறும் 14 பேர் சேர்ந்து குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, அடுக்கித் தைக்கும் போர்வை) தைத்துவந்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஹாலுக்குள் தண்ணீர் புகுந்தது. பழுதுபார்க்க ஐந்து மாதம் ஆனது. அதற்குள் இரண்டு பேர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போனார்கள், ஒருவருக்கு முழங்கால் ஆபரேஷன். எங்களில் மூத்தவர் ஜூலையில் காலமாகிவிட்டார். அவர் பாதி தைத்த சதுரம் ஊசியோடு அப்படியே பெட்டியில் இருக்கிறது. ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு 96 அங்குலத்தில் பெரிய குவில்ட் தருவதாகச் சொல்லியிருந்தோம். 64 சதுரங்களில் 31 தான் முடிந்திருக்கின்றன, அதிலும் சில நனைந்து கறையாகிவிட்டன. ஆன்லைனில் நடத்திப் பார்த்தேன், நாலு பேர்தான் வந்தார்கள். சந்தாவைத் திருப்பிக் கேட்கிறார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில்: கலைக்க வேண்டாம். ஆனால் அந்த 96 அங்குலத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

உங்களிடம் 12 அங்குலச் சதுரங்கள் 31 இருக்கின்றன. மூன்றுக்கு நான்காக 12 சதுரங்களை இணைத்தால் 36க்கு 48 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை வரும். அதாவது இரண்டு போர்வைக்கு வேண்டியது கையில் தயாராக இருக்கிறது, மூன்றாவதற்கு இன்னும் ஐந்தே சதுரம்தான் குறைகிறது. கறை போகாமல் இரண்டு மூன்றைத் தள்ள வேண்டி வந்தாலும் ஏழெட்டுதான். இல்லத்துக்கு ஒரு போன் போட்டு, ஒரு பெரிய குவில்ட்டுக்குப் பதிலாக மூன்று சின்னப் போர்வைகள் தரலாமா என்று கேட்டுப் பாருங்கள். அனேகமாக அவர்களுக்கு அதுதான் வசதியாக இருக்கும். 96 அங்குலத்தைத் துவைத்துக் காயவைக்க யாரிடம் இடம் இருக்கிறது?

33 சதுரம் பாக்கி என்று நினைத்துக்கொண்டு யாரும் ஊசியை எடுக்க மாட்டார்கள். ஐந்து என்றால் எடுப்பார்கள்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் எல்லா வேலையையும் ஹாலில் வைத்தே செய்துவந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வெட்டுவது, துண்டுகளை இணைப்பது, அடுக்குவது, மேலே தையல் ஓடுவது எல்லாமே அங்கேதான். அதனால் ஹால் போனதும் வேலையும் போய்விட்டது. குவில்ட் வேலை இயல்பாகவே இரண்டு பாகம் கொண்டது. மேல்துணிக்கான துண்டுகளை இணைப்பது தனியாளின் வேலை. மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி, சேர்த்துத் தைப்பதற்குத்தான் பல கைகள் வேண்டும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். ஒரு ஆறு அதை மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1960களில் அங்கிருந்த கறுப்பின மக்கள் எதிர்க்கரையில் இருக்கும் கேம்டனுக்குப் போய் வாக்காளர்களாகப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அதைத் தடுப்பதற்காக 1962ல் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டார்கள். படகு மறுபடி ஓடியது 2006ல்தான். அந்த முடக்கத்துக்கு நடுவில், 1966ல், அந்த வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். ஜீஸ் பெண்ட் பெண்களின் வழக்கம் என்ன தெரியுமா? மேல்துணியை ஒவ்வொருவரும் தன் வீட்டில், தன் போக்கில் இணைப்பார்கள். அடுக்கித் தைக்கும்போதுதான் நாலைந்து பேர் கூடுவார்கள். இன்று அந்த ஊர்க் குவில்ட்டுகள் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. வாரா வாரம் கூடுவதற்கு ஹால் இருந்ததால் வந்த பெயரல்ல அது.

ஆகவே வாரக் கூட்டத்தை விட்டுவிட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கூடுங்கள். நடுவில் துணி வீடு வீடாகப் போகட்டும்.

அதற்கு ஒரு மஞ்சப்பை போதும். ஒரு பையில் ஒரே ஒரு சதுரத்துக்கு வேண்டியது இருக்கட்டும்: வெட்டிய துண்டுகள், ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, பிரவுன் ஷீட்டில் சரியாக 12½ அங்குலத்துக்கு (நாலு பக்கமும் தையலுக்கு விடும் கால் அங்குலத்தையும் சேர்த்து) வெட்டிய ஒரு காகிதச் சதுரம். தைத்து முடித்ததை அந்தக் காகிதத்தின் மேல் வைத்தால் நாலு ஓரமும் பொருந்த வேண்டும். பத்து நாள் கெடு. முடிந்தாலும் முடியாவிட்டாலும் பத்தாவது நாள் பை அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும், ஏன் முடியவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிட்டால் பை ஓரிடத்தில் தேங்காது.

தனித்தனியாகத் தைக்கும்போது அளவு பிசகும் என்று பயப்படுவீர்கள். நியாயமான பயம்தான். தையல் ஓரம், அதாவது துணியின் விளிம்புக்கும் தையலுக்கும் நடுவில் விடும் இடம், கால் அங்குலம். டேப் கணக்கில் அது இரண்டு நூல் (அங்குலத்துக்கு எட்டு நூல்). ஒருவர் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், தையலின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு நூல் போய்விடும். ஒரு வரிசையில் நான்கு துண்டு, மூன்று தையல் என்றால் மூன்று நூல் குறையும். அந்தச் சதுரம் பக்கத்துச் சதுரத்தோடு சேரவே சேராது. இதைப் பிடிக்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டி, நீளவாக்கில் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டியை அளந்து பாருங்கள். மிகச் சரியாக ஒரு அங்குலம் இருந்தால் தையல் சரி. குறைந்தால் ஓரம் கூடிவிட்டது, அதிகமானால் ஓரம் குறைந்துவிட்டது. பை கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் இந்த மூன்று பட்டியைத் தைத்து, பக்கத்தில் டேப்பை வைத்து, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலைதான். பிரிக்கும் வேலை எவ்வளவோ மிச்சமாகும்.

முழங்கால் ஆபரேஷன் ஆனவரால் மெஷின் மிதிக்க முடியாது, குனிந்து வெட்டவும் முடியாது. அவரை ஓய்வெடுங்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டில் கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகைகளின் கெட்டி அட்டையில், பக்கத்துக்கு ஒரு அங்குலம் வரும்படி அறுகோணங்களை வெட்டிக் கொடுங்கள். துணியை அதைச் சுற்றி மடித்து, கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போட்டுவிட்டு, ஓரத்தோடு ஓரம் கையாலேயே இணைக்கலாம். எல்லாப் பக்கமும் சேர்ந்த பிறகு கச்சாவைப் பிரித்து அட்டையை உருவிவிட வேண்டும். உட்கார்ந்த இடத்தில் செய்யலாம், ஆஸ்பத்திரி வரிசையில் செய்யலாம், கரண்ட் போனால் ஜன்னலோரம் செய்யலாம். இணைத்த கொத்தை ஒரு வெறும் சதுரத்தின் மேல் வைத்துத் தைத்துவிட்டால் அதுவே ஒரு சதுரமாகிவிடும்.

ஆன்லைனில் நாலு பேர்தான் வந்தார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வகுப்பு மாதிரி நடத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கற்பிக்க வேண்டாம், சும்மா சேர்ந்து தையுங்கள். ஜூமில் கட்டணமில்லாத கூட்டம் 40 நிமிடத்தில் தானாக முடிந்துவிடும், அந்த 40 நிமிடம் போதும். போனை ஒரு சம்படத்தின் மேல் சாய்த்து, கேமரா முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்க்கும்படி வையுங்கள். முகம் தெரியவேண்டாம் என்றதும், வீடு கலைந்து கிடக்கிறது என்று தயங்கியவர்களும் வந்து உட்காருவார்கள். கிழமையை மட்டும் மாற்றாதீர்கள். சனிக்கிழமை என்றால் சனிக்கிழமைதான்.

வராதவர்களுக்கு வாட்ஸப்பில் நினைவூட்டல் அனுப்பாமல் கூப்பிட்டுப் பேசுங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். 2020 மார்ச் 25ல் ஊரடங்கு வந்தபோது எங்கள் குழுவை முகக்கவசம் தைக்கச் சொன்னேன். இன்று யார் எத்தனை தைத்தார்கள் என்று தினமும் ராத்திரி குழுவில் கணக்குப் போட்டேன். உற்சாகம் தரும் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் மூன்று பேர் சத்தமில்லாமல் ஒதுங்கிவிட்டார்கள். ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். படுக்கையில் இருக்கும் மாமனாரைப் பார்த்துக்கொள்ளவே பொழுது சரியாக இருக்கிறது, அந்தக் கணக்கில் தன் பெயருக்கு நேராகப் பூஜ்யம் வருவதைப் பார்க்க முடியவில்லை என்று சொல்லி அழுதார். அன்றோடு கணக்கை நிறுத்தினேன். ஜூன் 19ல் சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, மாதத்துக்கு ஒரு சதுரம், முடிந்தவர்கள் தையுங்கள் என்று மட்டும்தான் சொன்னோம். மூன்று பேரும் திரும்ப வந்தார்கள்.

நனைந்த சதுரங்களைப் பற்றி. பெட்டியை வீட்டுக்குள் திறக்காதீர்கள், மொட்டை மாடிக்குக் கொண்டுபோங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். முதல் வேலை, துணியில் இருக்கும் குண்டூசி, சேஃப்டி பின் எல்லாவற்றையும் எடுப்பது, ஏனென்றால் துரு பரவிக்கொண்டே போகும். நல்ல வெயிலில் முழுக்கக் காயவிட்டு, பூஞ்சையை மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துவையுங்கள். துவைக்கும் முன் இஸ்திரி போடக் கூடாது, சூடு பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வையுங்கள். பிளீச்சிங் போட்டால் துரு இன்னும் மோசமாகும். துவைத்த துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் விட்டுப்போகும் சதுரத்தைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள், குழந்தை போர்த்தும் துணி அது.

சுங்குடி, மெட்ராஸ் செக்ஸ் மாதிரி சாயம் போகும் துணி கலந்திருந்தால், வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் தனியாகத் துவைக்க வேண்டும்.

இன்னொன்று, சென்னைக்குக் கனமான வாடிங் (கடையில் விற்கும் நடுப்பஞ்சு) எதற்கு? தண்ணீரைக் குடித்துக்கொண்டு நாள் கணக்கில் காயாமல் கிடக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையை நடுவில் வையுங்கள். ஐந்தரை மீட்டர் சேலையில் 52 அங்குல நீளத்துக்கு நான்கு துண்டுகள் வரும். போர்வைக்கு இரண்டு என்று வைத்தால், ஒரு சேலை இரண்டு போர்வைக்குக் காணும். வங்காளத்தில் காந்தா அப்படித்தான் செய்கிறார்கள், பழைய சேலைகளை அடுக்கி, மேலே ஓட்டுத் தையல். நம் கந்தையும் அவர்களுடைய காந்தாவும் ஒரே சொல்தான். அந்தத் தையலுக்கு ஒரு வீட்டு ஹாலின் டைல்ஸ் தரை போதும். அடித்துணியை விறைப்பாக இழுத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, மேலே அடுக்கி, கச்சாத் தையல் போட்டுக்கொண்டால் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே நாளில் பாதி முடித்துவிடலாம். நான் சொன்ன இரண்டு மாதக் கூட்டம் இதற்குத்தான்.

பணத்தை இழுத்தடிக்காதீர்கள். சந்தாவில் ஹால் வாடகை எவ்வளவு, துணிக்கு எவ்வளவு என்று பிரியுங்கள். ஹால் இல்லாத மாதங்களுக்கான வாடகைப் பங்கைக் கேட்கும் முன்பே திருப்பிக் கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே நாளில். துணிக்குச் செலவானதை ரசீதோடு காட்டுங்கள். இந்த விஷயத்தில் நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. 1989ல் தர்மபுரியில் தொடங்கிய அந்தக் குழுக்கள் இத்தனை வருடம் நிற்பதற்கு, என் பார்வையில், முக்கியமான காரணம் அவர்களுடைய தீர்மான நோட்டுதான். யார் வந்தார்கள், என்ன முடிவு, எவ்வளவு வரவு செலவு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். அவர்கள் ஊக்குநர், பிரதிநிதி என்று பொறுப்பைப் பிரித்துக்கொள்வது போல, பையைச் சுற்றவிடும் வேலையை ஒருவரிடமும் கணக்கை இன்னொருவரிடமும் கொடுத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாம் நீங்களே செய்வதாகத்தான் தெரிகிறது. அடுத்த மழைக்கு உங்களுக்கே காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? பொருட்களையும் இனித் தரைத்தளத்தில் வைக்காதீர்கள், மாடி வீட்டுக்காரர் இரண்டு பேரிடம் பிரித்து வையுங்கள்.

கடைசியாக, காலமான அந்த அம்மாவின் சதுரம். அவர் வீட்டுக்குப் போய், அவர்கள் வைத்துக்கொள்ள விரும்புகிறார்களா என்று முதலில் கேளுங்கள். உங்களிடமே கொடுத்தால், மூன்று போர்வைகளில் ஒன்றின் நடுவில் அதை வையுங்கள். அவர் விட்ட இடத்திலிருந்து வேறு நிற நூலில் யாராவது ஒருவர் தொடர்ந்து முடிக்கட்டும். அவர் தையல் கோணலாக இருந்தாலும் பிரித்து நேராக்க வேண்டாம். அளவு குறைந்தால் சுற்றிலும் காடாத் துணியில் ஒரு பட்டி கொடுத்து 12½ ஆக்கிக்கொள்ளுங்கள். ஊசி இத்தனை மாதத்தில் துருப்பிடித்திருக்கும், வேகமாக இழுத்தால் துணி கிழியும். ஒரு சொட்டு மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு ஊசியில் தடவிவிட்டு, மெதுவாக உருவி, அவர் விட்டுவைத்த நூலின் நுனியைத் துணியின் பின்பக்கம் முடிந்துவிடுங்கள்.