விருந்தளித்தவருக்காகக் கேட்கும் துஆ: கேள்வி பதில்

கேள்வி: சாப்பிட்டு முடித்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லிவிடுகிறோமே, விருந்து கொடுத்தவருக்கென்று தனியாக ஒரு துஆ (இறைவேண்டல்) வேண்டுமா?

இரண்டும் வேறு வேறு. முன்னது உணவளித்த இறைவனைப் புகழ்வது. பின்னது அதைச் சமைத்துப் பரிமாறியவருக்காக அவனிடமே கேட்பது. மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராக மாட்டார் என்ற ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத், திர்மிதி ஆகிய தொகுப்புகளில் உள்ளது.

கேள்வி: நபி (ஸல்) அவர்கள் எந்த துஆவை ஓதினார்கள்?

முஸ்லிம் எனும் ஹதீஸ் தொகுப்பில் நபித்தோழர் அப்துல்லாஹ் பின் புஸ்ர் (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சியையே நான் முதலில் சொல்வேன். நபியவர்கள் அவருடைய தந்தையின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து உணவு உண்டார்கள். பின்னர் கொண்டுவரப்பட்ட பேரீச்சம்பழங்களை உண்டு, கொட்டைகளை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே வைத்துப் போட்டார்கள். பானத்தை அருந்திவிட்டு வலப்பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார்கள். புறப்படும் நேரத்தில் தந்தை வாகனத்தின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்காக துஆச் செய்யுங்கள்" என்று கேட்க, நபியவர்கள் ஓதியது இதுதான்: "அல்லாஹும்ம பாரிக் லஹும் ஃபீமா ரஸக்தஹும், வக்ஃபிர் லஹும் வர்ஹம்ஹும்." இறைவா, இவர்களுக்கு நீ வழங்கியதில் பரக்கத் (அருள்வளம்) செய்வாயாக, இவர்களை மன்னித்து இவர்கள்மீது கருணை காட்டுவாயாக என்பது பொருள். இவ்வளவுதான் அதன் நீளம். சில விருந்துகளில் துஆ நீண்டுகொண்டே போய், சஹனைச் (பலர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டு) சுற்றி அமர்ந்திருப்பவர்களின் கை காய்ந்துவிடுகிறது.

கேள்வி: "அஃப்தர இந்தகுமுஸ் ஸாயிமூன்" என்ற துஆவை நோன்பு திறக்கும்போது மட்டும்தான் ஓத வேண்டுமா?

அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. நோன்பாளிகள் உங்களிடம் நோன்பு திறக்கட்டும், நல்லோர் உங்கள் உணவை உண்ணட்டும், வானவர்கள் உங்களுக்காக வேண்டட்டும் என்பது அந்த துஆவின் பொருள். நபித்தோழர் ஸஅத் பின் உபாதா (ரலி) ரொட்டியும் எண்ணெயும் வைத்து உபசரித்தபோது நபியவர்கள் இதை ஓதியதாக அபூதாவூதில் வருகிறது. அங்கே நோன்பைப் பற்றிய குறிப்பு இல்லை. இப்னு மாஜா தொகுப்பிலோ நோன்பு திறந்த வேளையாகவே வருகிறது. நடந்ததைச் சொல்வதாக அல்லாமல் வேண்டுதலாகவே இது பொருள் கொள்ளப்படுவதால், மற்ற விருந்துகளிலும் ஓதுவதில் தவறில்லை என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: அரபி தெரியாதவர் தமிழில் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: விருந்தாளி துஆச் செய்யும்போது வீட்டுக்காரர் என்ன சொல்வது?

ஆமீன் சொல்லலாம், "பாரகல்லாஹு ஃபீக்கும்" (அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக) என்று விருந்தாளி வாழ்த்தினால் அதையே அவருக்கும் திருப்பிச் சொல்லலாம். உபசரிப்பவர் நன்றியை எதிர்பார்த்து உணவளிக்கலாகாது என்பதைக் குர்ஆனின் 76:9 வசனம் உணர்த்துகிறது. இந்த நுட்பத்தை நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களிடம் காணலாம். ஓர் ஆட்டின் இறைச்சியைப் பலருக்கும் கொடுத்தனுப்பியவர்கள், பணிப்பெண் திரும்பியதும், "அவர்கள் என்ன சொன்னார்கள்?" என்று விசாரிப்பார்கள். வாழ்த்தினார்கள் என்று தெரிந்ததும் அதே வாழ்த்தை அவர்களுக்கும் கூறிவிட்டு, "அவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டோம், நம் கூலி நமக்கே இருக்கட்டும்" என்பார்கள்.