கேளுங்க, சொல்றோம்: கோதாவுக்குள் பழைய ஜாம்பவான்கள்

எங்கள் தேகப்பயிற்சிசாலை ஆண்டு விழாவில் ஆரம்பகாலத் தொழில்முறை மல்யுத்த வீரர்களுக்குப் படத்திறப்பு வைக்கிறோம். யார் யார் படம் வைக்கலாம்? கீழே என்ன எழுதுவது?
- வாசகர், காங்கேயம்

முதல் படம் காமா பயில்வான். 1910 செப்டம்பர் 10, லண்டன். எதிராளி போலந்தின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ. இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஸ்பிஸ்கோ குப்புறப் படுத்தே தாக்குப்பிடித்ததால் ஆட்டம் சமன். அடுத்த வாரம் வைத்த மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை. 1928இல் பாட்டியாலாவில் மறுபடி மோதியபோது ஒரு நிமிடத்துக்குள் காமா முடித்துவிட்டார். இத்தனையையும் படத்துக்குக் கீழே எழுதுங்கள். 'உலகப் புகழ் பெற்ற வீரர்' என்று மட்டும் போட்டால் பார்க்கிற பையனுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து ரஷ்யாவின் ஜார்ஜ் ஹேக்கன்ஷ்மிட், அமெரிக்காவின் ஃபிராங்க் காட்ச் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். 1908 ஏப்ரல் 3, சிகாகோ. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி ஹேக்கன்ஷ்மிட் தோல்வியை ஒப்புக்கொண்டார். 1911இல் அதே ஊரில் மறுபடியும் காட்சுக்கே வெற்றி. காமா இவர்களை வென்றார் என்று எழுதிவிடாதீர்கள். இவர்கள் இருவரோடும் அவர் மோதியதே இல்லை. காட்சின் வாத்தியார் பார்மர் பர்ன்ஸ் படமும் கட்டாயம் வேண்டும். வாத்தியாரை விட்டுவிட்டுச் சீடனுக்கு மட்டும் மாலை போடுவது நம் கோதா வழக்கமில்லை.

கடைசியாக தாரா சிங்: 1968, பம்பாய், அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்ற ஆண்டு.

அதே நாளில் மண் கோதாவில் குஸ்தி நடத்த ஆசை. மண் எப்படித் தயார் செய்வது?
- வாசகர், பல்லடம்

இதைவிட நல்ல மரியாதை அந்தப் பயில்வான்களுக்கு இல்லை. 20 அடிக்கு 20 அடி, ஓரடி ஆழம் என்றால் நாலு யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி). மிதித்தால் இறங்கும், அதனால் அஞ்சாகவே சொல்லிவிடுங்கள். செம்மண்தான் வேண்டும். கரிசல் ஈரத்தில் உடம்போடு ஒட்டும், காய்ந்தால் கட்டியாகித் தோள்பட்டையைப் பதம் பார்க்கும். நம் பக்கத்துச் செம்மண்ணில் சுக்காங்கல் (சுண்ணாம்புச் சிறுகல்) கலந்திருக்கும். முதுகைக் கிழிப்பது அதுதான். மணல் சலிக்கும் சல்லடையில் இரண்டு தடவை சலியுங்கள்.

அஞ்சு கிலோ மஞ்சள்தூள், அஞ்சு லிட்டர் நல்லெண்ணெய், ஒரு குடம் மோர், நிழலில் உலர்த்திப் பொடித்த வேப்பிலை. எண்ணெயை மொத்தமாகக் கொட்டினால் ஓரிடத்தில் திட்டாகிவிடும். கொஞ்சம் மண்ணில் பிசைந்து, அதைப் பரவலாகத் தூவி மண்வெட்டியால் புரட்டுங்கள். ஒரு வாரம் தினமும் புரட்ட வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, காலையில் கொத்திவிட்டுப் பலகையால் சமன் செய்யுங்கள். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டையாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். உருண்டை உதிராவிட்டால் ஈரம் அதிகம். கால் வழுக்கி முட்டி திருகும். உருண்டையே பிடிக்காவிட்டால் புழுதி கண்ணில் அடிக்கும், தோல் சிராயும்.

காட்சின் கால்விரல் பிடியைச் செய்து காட்டலாமா?
- வாசகர், கோபி

எதிராளியின் பாதத்தை விரல் பக்கமாகப் பிடித்து முறுக்குகிற பிடி அது. பிடித்துக் காட்டலாம், முறுக்கக் கூடாது. பாதத்தைத் திருப்பினால் கணுக்காலோடு முட்டியும் சேர்ந்து திரும்பும்; கீழே இருப்பவர் பயந்து உருண்டால் ஜவ்வு கிழியும். பாதத்தைப் பிடித்த நிலையிலேயே நிறுத்தி, மைக்கில் விளக்கிவிட்டு, கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பசங்க இதற்கு வேண்டாம்.