பள்ளிக்குப் பின் என்ன? ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எந்த வேலைகள் பிடிக்கும் என்று கேட்டறியும் ஆர்வத் தேர்வில் என் மாணவிக்குக் ‘கலை’ வகை முதலாவதாக வந்திருக்கிறது, அவளோ மருத்துவம் படிக்க விரும்புகிறாள். மனத்தை மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் வெளியிட்ட கோட்பாட்டை ஒட்டியே இத்தகைய தேர்வுகளில் பல அமைந்துள்ளன. செயல்முறை (கருவிகளைக் கையாளுதல்), ஆய்வு, கலை, சமூகம், முனைவு (பிறரை வழிநடத்துதல்), ஒழுங்கு (முறைப்படி பதிவுகளைப் பேணுதல்) என்னும் ஆறு வகைகளில் ஒருவருக்கு அதிக மதிப்பெண் வந்த மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே வழக்கம். தேர்வு அளப்பது விருப்பத்தைத்தான், திறமையை அன்று. விடைத்தாளை அவளோடு உட்கார்ந்து படியுங்கள். ‘ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதித்தல்’ என்பதற்கு அவள் ‘பிடிக்காது’ என்று குறித்திருந்தால் காரணம் கேளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் நின்று அலுத்ததை நினைத்துக் குறித்திருக்கக்கூடும். தேர்வு முடிவைத் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: எந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டு?

பதில்: யார் படிக்கப்போகிறார் என்று சொல்லாமல் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது.

கேள்வி: கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: இது என் துறை அன்று, சேரவிருக்கும் கல்லூரியின் நிதி உதவிப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: மாணவர்களைப் பணியிடத்துக்கு ஒரு நாள் அனுப்புங்கள் என்று எப்போதும் சொல்கிறீர்கள். வேடிக்கை பார்த்துவிட்டு வருவதைத் தவிர என்ன பயன்?

பதில்: வெறுங்கையோடு அனுப்பினால் அப்படித்தான் ஆகும். நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள், அதில் எது சலிப்பூட்டியது என்று அங்குள்ளவரிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் வாதாடும் ஆசையோடு போகும் மாணவர், வழக்கறிஞரின் நேரத்தில் பெரும்பங்கு ஆவணங்களைப் படிப்பதிலும் எழுதுவதிலும் கழிவதை அறிந்து வருவார். அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் அதை நம்பலாம்.

கேள்வி (முன்னவரே): ஒருவருடைய ஒரு நாளை வைத்துத் தொழிலையே எடைபோடுவது நியாயமா? உங்கள் தேர்வு எச்சரிக்கை இதற்கும் பொருந்துமே!

பதில்: பொருந்தும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்த ஒருவர், பல்லாண்டு அனுபவம் கொண்ட ஒருவர் என இருவரையாவது சந்திக்கச் சொல்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: தேர்வில் மாணவர் தாம் பார்த்திராத வேலையைப் பற்றி விடையளிக்கிறார், பணியிடத்தில் அந்த வேலையையே பார்க்கிறார்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி எந்தப் படிப்புக்கு எதிர்காலம்?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவெடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். கணிதப் பாடத்தைக் கைவிட நினைப்பவரிடம் மட்டும், பொறியியலும் புள்ளியியலும் பின்னால் எட்டாமல் போகலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுங்கள்.