செடிகள் வளரும் மீன் தொட்டியில் ஏஞ்சல் மீன்களோடு ராம், அபிஸ்டோகிராமா (சுருக்கமாக அபிஸ்டோ) போன்ற குட்டி சிக்லிட் குடும்ப மீன்களை வளர்க்கலாமா?

தாராளமாக வளர்க்கலாம். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். நீங்கள் நான்கு அடி நீளத் தொட்டி, செடிகள் வேர் பிடித்துவிட்டன, ஏற்கெனவே ஆறு இளம் ஏஞ்சல்கள் இருக்கின்றன, அடியில் விடக் குட்டி சிக்லிட் எது என்று கேட்டிருக்கிறீர்கள். மீன் எது என்பதைவிடக் கல்லும் செடியும் எங்கே இருக்கின்றன என்பதுதான் இதில் முக்கியம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண நாட்களில் இவை ஒன்றையொன்று சீண்டுவதில்லை. ஏஞ்சல் நடு நீரிலும் மேலேயும் உலவும், ராமும் அபிஸ்டோவும் தரையை விட்டு அதிகம் எழும்பாது. சண்டை வருவது முட்டையிடும்போதுதான். ஏஞ்சல் ஜோடி செங்குத்தான பரப்பைத் தேடும்: அமேசான் வாள் செடியின் அகல இலை, பில்டர் குழாய், சில நேரம் கண்ணாடியே கூட. ராம் தட்டைக் கல்லிலோ மணலில் தோண்டிய குழியிலோ இடும். அபிஸ்டோ பெண் குகைக்குள் போய்க் கூரையில் ஒட்டும். வாள் செடியின் அடியிலேயே தட்டைக் கல்லும் கிடந்தால், மேலே ஒரு ஜோடியும் கீழே ஒரு ஜோடியும் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடும். அப்புறம் இரண்டுக்கும் நிம்மதி இல்லை.

அதனால் வாள் செடியையும் பில்டர் குழாயையும் தொட்டியின் ஒரு முனையில் வையுங்கள். தட்டைக் கற்கள், குகைகள், தேங்காய் ஓடு எல்லாம் எதிர் முனையில். நடுவே ஒரு பெரிய மரக்கட்டை, அதில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். அனுபியாஸின் கிழங்குத் தண்டை மண்ணில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். ஒரு முனையில் இருப்பது மறு முனைக்குத் தெரியக் கூடாது, அதற்குத்தான் இந்தக் கட்டை. பின்சுவர் நெடுக வாலிஸ்னேரியா வளர்த்தால் ஏஞ்சலுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒல்லி உடம்பும் கறுப்புப் பட்டையும் தண்டுகளுக்கும் வேர்களுக்கும் நடுவே ஒளிந்து வாழ அமைந்தவை.

குஞ்சு காக்கும் அபிஸ்டோ பெண்ணை நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க மஞ்சளாகிக் கறுப்புக் கோடுகள் துலங்கும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஏஞ்சலை நேராகப் போய் முட்டும், ஏஞ்சல் பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஆனால் விளக்கு அணைந்த பிறகு நிலைமை வேறு. குஞ்சுகள் பெரும்பாலும் பிழைக்காது. அவற்றை வளர்த்தெடுக்கும் ஆசை இருந்தால் தனித் தொட்டி வேண்டும்.

இனி எந்த மீன் என்பதற்கு வருகிறேன். வெப்பநிலையை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏஞ்சலுக்கு 25 முதல் 28 டிகிரி வசதி. நீல ராம் வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் வெதுவெதுப்பான நீரிலிருந்து வந்தது, 27க்குக் கீழே தொடர்ந்து வைத்தால் சோர்ந்துவிடும். ஆக இரண்டுக்கும் பொருந்துவது 27, 28 மட்டும்தான். அந்தச் சூட்டில் வாள் செடி, அனுபியாஸ், வாலிஸ்னேரியா தாங்கும், மென்மையான தண்டுச் செடிகள் பலவும் தளர்ந்துபோகும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவு. செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு கொடுப்பவராக இருந்தால் இரவில் நிறுத்திவிட்டு நீர்ப்பரப்பை நன்றாக அசையவிடுங்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் தொட்டிக்குப் பொலிவியன் ராம்தான். 25, 26 டிகிரியில் நிம்மதியாக இருக்கும், உடம்பும் உறுதி. நீல ராமின் பளபளப்பு இதற்கு இல்லைதான், ஆனால் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியே உதிர்த்துக்கொண்டே நகர்வதைப் பார்க்க நேரம் போவதே தெரியாது. அதற்காகவாவது முன்பகுதியில் மெல்லிய மணல் போடுங்கள், கூரான கல் வேண்டாம். அடுத்த தேர்வு அபிஸ்டோகிராமா ககடுவாய்டஸ்: ஓர் ஆண், இரண்டு மூன்று பெண், ஒவ்வொரு பெண்ணுக்கும் தனிக் குகை. அபிஸ்டோவில் போரெல்லி வகையை விட்டுவிடுங்கள், அது தெற்கே பராகுவே ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது, கொஞ்சம் குளிர்ந்த நீர் கேட்கும். கிரிபென்சிஸ் என்ற இன்னொரு குட்டி சிக்லிட் அழகுதான், ஆனால் குஞ்சு பொரித்துவிட்டால் தரை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். எதுவானாலும் ஒரே ஒரு வகை. நான்கு அடியில் இரண்டு வகைக் குட்டி சிக்லிட்டுக்குத் தரை போதாது.

உங்கள் ஆறு ஏஞ்சல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளர்ந்தால் துடுப்போடு சேர்த்து 20 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வரும், தொட்டியில் நீர் 45 சென்டிமீட்டராவது நிற்க வேண்டும். அவற்றில் ஒரு ஜோடி சேர்ந்ததும் மற்ற நான்கையும் விரட்டத் தொடங்கும். அப்போது மற்றவற்றை எங்கே மாற்றுவது என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

சாப்பாட்டில் ஏஞ்சலோடு குட்டி சிக்லிட்கள் போட்டியிட முடியாது. ஒரு முனையில் மேலே மிதக்கும் தீனியைப் போட்டு ஏஞ்சல்களை அங்கே இழுத்துவிட்டு, மறு முனையில் மூழ்கும் குருணையைப் போடுங்கள். கூட்டமாக நீந்தும் மீன் வேண்டுமானால் ரம்மிநோஸ் டெட்ரா நல்ல துணை. நியான் டெட்ரா வேண்டாம், வளர்ந்த ஏஞ்சலுக்கு அது இரை. டைகர் பார்ப் ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக் குதறிவிடும்.

தொட்டி பழகி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக நின்ற பிறகுதான் ராமை விட வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே இருக்கட்டும், வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஏஞ்சல்கள் முன்பே குடியேறிவிட்டதால், புது மீன்களை விடும் நாளில் மரக்கட்டையையும் கற்களையும் கொஞ்சம் இடம் மாற்றுங்கள். பழைய எல்லைகள் கலைந்துவிடும், எல்லோருக்கும் அது புது இடம். விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். அதற்கு முன் மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது அவசியம். கடையில் வாங்கும்போது, உங்கள் கண் முன்னால் தீனி தின்கிற மீனாகப் பாருங்கள். வயிறு ஒட்டி, நிறம் கறுத்து, மூலையில் நிற்பதை இரக்கப்பட்டு வாங்கி வந்தால் பெரும்பாலும் நிலைப்பதில்லை.